பூசி மெழுகாத ஊர்

எங்கள் அப்பா மேஸ்திரி. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் காரை பெயர்ந்த சுவர்களைத் திரும்பப் பூசிக் கொடுப்பது அவர் தொழில். சுண்ணாம்பை ஊறப்போட்டு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தேய்த்தால் சுவரில் முகம் தெரியும். அவருக்கு ஒரே சட்டம்தான்: ஒட்டுத் தெரியக் கூடாது. பழைய சுவர் எங்கே முடிந்தது, புதுக் காரை எங்கே தொடங்கியது என்று வீட்டுக்காரருக்கே அடையாளம் பிடிபடக் கூடாது. சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு போகும்போது ஈரச் சுவரை உள்ளங்கையால் தடவப் போவேன். "கை வைக்காத ஆத்தா, ரேகை விழுந்துரும்" என்பார்.

அந்தச் சுவர்களுக்கு நடுவில் வளர்ந்த நான் இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கட்டடப் பொறியியல் மேல்படிப்புப் படிக்கிறேன். 2024 செப்டம்பர் 11 விடியற்காலை மூன்று மணி வாக்கில் அந்த ஊரின் கரோலா பாலத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர் நீளம் எல்பே ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. கடைசி டிராம் கடந்துபோய்ச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1971இல் கட்டி முடித்த பாலம். உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகுக் கம்பிகள் வெளியே தெரியாமலே விரிசல் விட்டிருந்தன என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து வகுப்பிலும் விடுதிச் சமையலறையிலும் பாலப் பேச்சுதான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சேலத்துத் தோழி சொன்னாள்: "அறுநூறு வருஷமா நிக்கிற பாலம் ஒண்ணு ரெண்டரை மணி நேரத் தூரத்துல இருக்குடி. அதைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்." பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்தைத்தான் சொன்னாள். கணினி படிக்கும் மதுரைக்காரனும் சேர்ந்துகொண்டான். நவம்பர் 16, 17, சனியும் ஞாயிறும் என்று முடிவாயிற்று. தேதியை நாங்கள் யோசித்து வைக்கவில்லை. டிக்கெட் அன்றைக்குத்தான் சல்லிசாகக் கிடைத்தது.

ரயிலில் இடப்பக்கச் சன்னலைப் பிடித்துக்கொண்டோம். டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும் தண்டவாளம் எல்பே ஆற்றை விட்டு விலகாமல் போகிறது. இரு கரையிலும் மணற்கல் குன்றுகள், செங்குத்தாக, அடுக்கடுக்காக, யாரோ வெட்டி வைத்த மாதிரி நிற்கின்றன. கோனிக்ஸ்டைன் கோட்டை ஒரு குன்றின் தலையை முழுதாக மூடிக்கொண்டிருக்கிறது. செக் நாட்டு எல்லை தாண்டியதும் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர். பிறகு லாபே ஒரு பக்கம் விலகிப் போய்விட, அதில் வந்து கலக்கும் வல்தவா ஆறு பிராக் வரைக்கும் கூட வருகிறது. கட்டிக் கொண்டுபோன புளிச்சோற்றை வல்தவாக் கரையில்தான் பிரித்தோம்.

பிராக் தலைமை ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் வெண்கலத்தில் ஒரு மனிதர் நிற்கிறார், கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி. நிக்கோலஸ் விண்டன். 1939இல் இந்த நிலையத்திலிருந்து 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, ரயிலேற்றி லண்டனுக்கு அனுப்பியவர். செப்டம்பர் 1 அன்று கிளம்பவேண்டிய கடைசி ரயிலில் 250 குழந்தைகள் போவதாக இருந்தது. அன்றைக்குப் போர் மூண்டது, ரயில் புறப்படவில்லை. நிலையத்திலேயே இன்னொரு நினைவுச் சின்னம் உண்டு. ரயில் பெட்டிக் கதவு மாதிரி செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் பெற்றோரின் கைத்தடம், மறுபக்கம் பிள்ளைகளின் கைத்தடம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் உருட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டேன். ரேகை விழுந்த சுவர் ஒன்றை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். தோழி அவசரப்பட்டு வழியில் இருந்த ஒரு பணம் மாற்றும் கடையில் 50 யூரோவை நீட்டிவிட்டாள். ஒரு யூரோவுக்கு 25 கொருனா வரவேண்டிய இடத்தில் அவர்கள் கொடுத்தது மிகக் குறைவு. முகம் வாடிப்போய் நின்றவளை மதுரைக்காரன் திரும்ப அழைத்துக்கொண்டு போனான். மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று 2019 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அவன் அதை முன்பே படித்து வைத்திருந்தான். கடைக்காரர் மறு பேச்சுப் பேசாமல் யூரோவைத் திருப்பிக் கொடுத்தார். போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 120 கொருனாவுக்கு ஒரு நாள் முழுவதும் செல்லும் டிராம் சீட்டு வாங்கி, மஞ்சள் பெட்டியில் நேரம் குத்திக்கொண்டு ஊருக்குள் இறங்கினோம்.

வென்சஸ்லாஸ் சதுக்கம் என்று பெயர்தானே தவிர, அது சதுரம் இல்லை. முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அகன்ற வீதி. அதன் தலைமாட்டில் தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. ஏழு வருடம் மூடி வைத்து வேலை பார்த்து 2018இல் திறந்த கட்டடம், முழுக்கப் பளிச்சென்று இருக்கிறது. தூண்களை அண்ணாந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மணற்கல்லில் அங்கங்கே வட்ட வட்டமாக, அம்மைத் தழும்பு மாதிரி, நிறம் வேறுபட்ட ஒட்டுகள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செலவழித்து வேலை செய்துவிட்டு ஒட்டைத் தெரிய விட்டிருக்கிறார்களே, எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் மிச்சக் கூலி கிடைக்காதே என்றுதான் நினைத்தேன்.

அவை துப்பாக்கிக் குண்டுகளின் தடம். 1968 ஆகஸ்டில் சோவியத் யூனியனும் கூட்டாளி நாடுகளும் டாங்கிகளோடு இந்த நாட்டுக்குள் புகுந்தபோது இந்தக் கட்டடத்தின் மேல் சுட்டார்கள். பிற்பாடு ஓட்டைகளை அடைத்தவர்கள் நிறம் பொருந்தாத கல்லால் அடைத்தார்கள். அண்மையில் புதுப்பித்தவர்களோ, அந்தத் தழும்புகள் தெரியட்டும் என்று தெரிந்தே விட்டு வைத்தார்கள். நான் போனில் நெருக்கிப் படம் எடுத்துக்கொண்டேன். ஒட்டின் ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருந்தது. சோம்பலில் விட்ட ஓரம் அப்படி இருக்காது.

அருங்காட்சியகத்துக்கு எதிரே நடைபாதைக் கல் ஓரிடத்தில் புடைத்து எழும்பியிருக்கிறது. உள்ளே புதைந்த ஒரு வெண்கலச் சிலுவை மண்ணை முட்டிக்கொண்டு வருவதுபோல. நடக்கும்போது கால் தட்டும், அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 1969 ஜனவரி 16 அன்று யான் பலாக் என்ற மாணவன் இந்த இடத்துக்கருகில் தன்மேல் தீ வைத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து இறந்தான். ஆக்கிரமிப்புக்கு ஊர் பழகிப்போகிறதே என்ற ஆற்றாமை அவனுக்கு. அடுத்த மாதம் யான் சாயிட்ஸ் என்ற இன்னொரு மாணவனும் அப்படியே. பலாக்கின் இறுதி ஊர்வலம் நடந்தது ஜனவரி 25 அன்று என்று மதுரைக்காரன் போனில் படித்துச் சொன்னான். மூன்று பேருமே பேசவில்லை. 1964இல் அதே தேதியில்தான் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி மொழிக்காகத் தீக்குளித்தார். மொழிப்போர் தியாகிகள் நாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த தேதி அது. அந்தச் சாவுகளை வீரம் என்று மட்டும் சொல்லிக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. பலாக்குக்கு இருபது வயது. என்னைவிடச் சின்னவன். இருந்திருந்தால் நாங்கள் நின்ற அன்றைக்கு எழுபத்தாறு.

பிற்பகலில் பிராக் கோட்டைக்குப் போனோம். அங்கே இருக்கும் புனித வீத்துஸ் பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் நாட்டி 1929இல் முடித்தார்கள். கோட்டையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, எழுதினவர்களும் நிறையப் பேர். எனக்கு அங்கே பிடித்தது ஒன்றே ஒன்று: மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் சிவப்பு ஓடு. ஓட்டுக் கூரைகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கப் பார்க்க ஊர் நினைப்பு வந்துவிட்டது.

இருட்டும் நேரத்தில் பழைய ஊர்ச் சதுக்கத்தில் வானியல் கடிகாரத்துக்கு எதிரே கூட்டத்தோடு நின்றோம். 1410இல் செய்த கடிகாரம் இன்றும் ஓடுகிறது. மணி ஆனதும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, மேலே இரண்டு சன்னல் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாக வந்து முகம் காட்டிப் போகிறார்கள். சேவல் கூவியதும் முடிந்தது. கூட்டம் உடனே கலைந்துவிட்டது. கலைந்த பிறகுதான் பார்க்கவேண்டியது இருக்கிறது. கடிகாரம் பதிந்த நகர மன்றக் கட்டடத்தின் ஒரு பக்கம் வெட்டி எடுத்ததுபோல நிற்கிறது. அந்தப் பக்கத்து இறக்கை 1945 மே மாதம், போர் முடிகிற நாட்களில், எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டவில்லை. கீழே கல்தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். 1621 ஜூன் 21 அன்று பேரரசரை எதிர்த்த 27 பேரை இந்த இடத்தில் கொன்றார்கள். தரை விரிப்பின் பூவேலைப்பாடு என்று எண்ணிப் பிள்ளைகள் அதில் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாடு உருளைக்கிழங்கு சூப்பும், ரொட்டித் தூள் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டியும். மதுரைக்காரன் மாட்டிறைச்சிக் குழம்பில் ஊறிய க்னெட்லிக்கி சாப்பிட்டான். மாவை உருளையாக வேகவைத்து நூலால் வகிர்ந்து வைக்கிற பண்டம் அது. குழம்பை அது உறிஞ்சிக்கொள்கிற விதத்தை அவன் மறுநாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாலத்துக்கு ஞாயிறு விடியுமுன் போனோம். அதற்குக் காரணம் இருந்தது. வல்தவாவின் குறுக்கே முன்பிருந்த கல்பாலத்தை 1342இல் வெள்ளம் கொண்டுபோய்விட, நான்காம் சார்லஸ் மன்னர் புதுப் பாலத்துக்கு 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்று சொல்கிறார்கள். 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் ஒற்றைப் படை எண்கள். சோதிடர் குறித்துக் கொடுத்த முகூர்த்தமாம். கடைக்கால் தோண்ட நேரம் பார்ப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்த 5:31க்கு அங்கே நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கூட வந்த இருவரும் தூக்கக் கண்ணோடு வந்தார்கள், பாவம்.

பாலத்தில் நாலைந்து பேர்தான். எரிவாயு விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம், கீழே ஆற்றின் இரைச்சல், இருபுறமும் முப்பது சிலைகள் இருட்டில் ஆள் நிற்பதுபோல. 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். மெல்ல வெளுத்து வந்தபோது நான் கைப்பிடிச் சுவரோரம் குனிந்துகொண்டே நடந்தேன். கற்கள் ஒரே நிறமாக இல்லை. கரிபடிந்து கறுத்த கல்லுக்குப் பக்கத்தில் வெளிறிய மஞ்சள் கல், அதற்கடுத்து இரண்டுக்கும் நடுவிலான நிறத்தில் ஒன்று. 1890 வெள்ளத்தில் மரக்கட்டைகள் அடித்துக்கொண்டு வந்து மோதி மூன்று வளைவுகள் விழுந்துவிட்டன. திரும்பக் கட்டினார்கள். அதன்பிறகும் எத்தனையோ முறை கல் மாற்றியிருக்கிறார்கள். குதிரை டிராமும் பிறகு மின்சார டிராமும் கூட இதன்மேல் ஓடியிருக்கின்றன. அறுநூறு வருடம் நின்ற பாலம் என்று நாங்கள் பேசிக்கொண்டு வந்தோமே, அது உண்மையில் அறுநூறு வருடமாக யாரோ சலிக்காமல் பழுது பார்த்துக்கொண்டே வரும் பாலம். விழுந்த கரோலா பாலத்தை நினைத்துக்கொண்டேன். அதன் கான்கிரீட்டில் ஒட்டும் இல்லை, நோயும் வெளியே தெரியவில்லை.

இந்தப் பாலத்துக்கும் ஒரு முட்டைக் கதை இருக்கிறது. சாந்து இறுக வேண்டும் என்று நாடு முழுவதிலிருந்தும் மன்னர் முட்டை கேட்டாராம். வண்டி வண்டியாக வந்ததாம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் மட்டும், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அவித்து அனுப்பிவிட்டார்களாம். சாந்தில் உண்மையிலேயே முட்டை இருந்ததா என்பது வேறு விஷயம். முட்டை சேர்த்தால் காரை இறுகும் என்று இவ்வளவு தூரத்தில் இருந்தவர்களுக்கும் தோன்றியிருக்கிறதே, அதில்தான் எனக்குச் சந்தோஷம்.

காலை ஒன்பதுக்குப் பின்காஸ் யூதக் கோயில். சனிக்கிழமை அது திறக்காது என்பதால் ஞாயிறுக்கு வைத்திருந்தோம். உள்ளே சாமான் எதுவும் இல்லை. சுவர்தான் இருக்கிறது. தரையிலிருந்து வளைவு வரைக்கும் பெயர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களையும் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர் மஞ்சளில், குடும்பப் பெயர் சிவப்பில், ஆள் பெயர் கறுப்பில். பிறந்த தேதி, பிறகு உயிரோடு இருந்ததாகத் தெரிந்த கடைசித் தேதி. ஒரே குடும்பப் பெயருக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், ஒரு குழந்தையின் பிறந்த வருடம் 1940 என்றிருக்கிறது. வாசித்துக்கொண்டே போனால் எழுத்து கலைந்து, சாம்பல் நிறப் பூச்சாகிவிடுகிறது. கிட்டே போனால் திரும்பப் பெயராகிறது.

1954 முதல் 1959 வரை வாக்லவ் போஷ்டிக், யிரி யான் என்ற இரண்டு ஓவியர்கள் எழுதிய சுவர் இது. பிறகு ஓதம் ஏறிவிட்டது என்று 1968இல் கோயிலை மூடினார்கள். ஓதம் ஏறிய சுவர் எப்படி உதிரும் என்று எனக்குத் தெரியும். பழுது பார்க்கிற பெயரில் இருபது வருடத்துக்கு மேல் மூடியே கிடந்தது, எழுத்துகளும் போய்விட்டன. 1989இல் ஆட்சி மாறிய பிறகு, 1992 தொடங்கி நான்கு வருடம் உட்கார்ந்து அத்தனை பெயரையும் மறுபடி முதலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். மேல் மாடியில் தெரசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் அவர்களுக்கு அங்கே வரையக் கற்றுக்கொடுத்தார். 1944இல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்படுமுன் இரண்டு பெட்டிகளில் படங்களை ஒளித்து வைத்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. ஒரு படத்தில் வீடு, கதவு, கதவு வரைக்கும் ஒரு பாதை. தோழி அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்குச் சில நிமிட நடை. யான் பலாக் சதுக்கம் வருகிறது. அவன் படித்த சார்லஸ் பல்கலைக்கழகத்துக் கலைப்புலம் அங்கேதான் இருக்கிறது. 1348இல் தொடங்கிய பல்கலைக்கழகம். கட்டடத்தின் சுவரில் பலாக்கின் சவ முகத்திலிருந்து அச்செடுத்த வெண்கல முகம். சிற்பி ஒல்பிராம் சோபெக் மறைவாகப் போய் எடுத்த அச்சு அது. 1973இல் அவன் கல்லறையையே அரசு பெயர்த்தெடுத்து உடலை எரித்துவிட்டது. செஞ்சேனையின் பெயரில் இருந்த இந்தச் சதுக்கம் 1989இல்தான் அவன் பெயருக்கு வந்தது.

இதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் கமில் சுவெலபில். பிராகில் பிறந்து, இங்கேயே தமிழ் படித்து, சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் கொண்டுவந்தவர். 1968 ஆக்கிரமிப்புக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போய், ஹாலந்தில் பேராசிரியராக இருந்தார். தமிழ் இலக்கியத்தைப் பற்றிய அவருடைய ‘முருகனின் புன்னகை’ என்ற ஆங்கில நூல் 1973இல் லைடனிலிருந்துதான் வந்தது. நீலகிரி இருளர்களின் மொழியைக்கூட விடாமல் ஆராய்ந்தவர். அவர் பிறந்தது 1927 நவம்பர் 17. அதைப் படித்ததும் தேதியைப் பார்த்தேன். நாங்கள் நின்றிருந்ததும் நவம்பர் 17.

ஊரில் அன்று ஏன் எல்லாக் கைகளிலும் மெழுகுவத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. 1939 நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் மூடினார்கள். ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்று, ஏறக்குறைய 1,200 மாணவர்களை வதை முகாமுக்கு அனுப்பினார்கள். சர்வதேச மாணவர் நாள் வந்தது அதனால்தான். ஐம்பது வருடம் கழித்து 1989இல் அதே நாளில் அவர்கள் நினைவாக ஊர்வலம் கிளம்பிய மாணவர்களை நாரோத்னி வீதியில் கம்யூனிஸ்ட் அரசின் போலீஸ் வழிமறித்து அடித்தது. அந்த அடியில் ஊர் கொதித்தெழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் வென்சஸ்லாஸ் சதுக்கத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார்கள். டிசம்பர் முடிவதற்குள், அதே வருடம் சிறையிலிருந்து வந்த நாடகாசிரியர் வாக்லவ் ஹாவல் குடியரசுத் தலைவரானார்.

நாரோத்னி வீதியில் ஒரு வளைவு நடைக்குள் சுவரோடு ஒட்டிச் சின்ன வெண்கலத் தகடு. ஆயுதமில்லாத கைகள், மேலே தூக்கியபடி. கீழே தேதி. அவ்வளவுதான். அதன் முன்னால் வரிசை நின்றது. நாங்களும் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பேத்தியாக இருக்கவேண்டும், ஒரு சிறுமியின் கையைப் பிடித்து மெழுகுவத்தியை வைக்கவைத்தார். சுடர் அணைந்தது. சிறுமி குனிந்து பக்கத்துச் சுடரிலேயே பற்றவைத்தாள். தரையெல்லாம் மெழுகு உருகிக் கெட்டியாகிக் கிடந்தது. மதுரைக்காரன் எங்கிருந்தோ வாங்கிவந்த மூன்று மெழுகுவத்திகளில் ஒன்றைக் கொடுத்தான். வைத்தேன். இரண்டு விரலில் மெழுகு ஒட்டிக்கொண்டது.

மாலை ரயிலில் எல்லை தாண்டியதும் ஜெர்மன் போலீசார் ஏறிப் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் பார்த்தார்கள். ஆறு இருட்டில் தெரியவில்லை. கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். டிரெஸ்டன் வந்து அறைக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டபோது ஊரில் நடுநிசி தாண்டிவிட்டது. முழித்துத்தான் இருந்தார். பாலத்தைக் காட்டினேன். வெல்வரிக்காரர்கள் கதைக்குச் சிரித்தார். பிறகு அருங்காட்சியகத் தூணின் படத்தை அனுப்பிவிட்டு, என்ன சொல்லப்போகிறாரோ என்று பேசாமல் இருந்தேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய் ஒட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் விட்டுருக்கான் ஆத்தா. ஓரத்தைப் பாரு, எம்புட்டுச் சுத்தமா வெட்டியிருக்கான். கை உள்ளவன்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கல்லு என்ன கல்லு?" என்று கேட்டார்.